பத்து வேண்டாம், ஒன்று போதும்

மார்கழி பிறந்ததும் பட்டியலோடு புறப்படும் நண்பர்களுக்கு,

இன்னும் சில நாளில் ஆரம்பித்துவிடுவீர்கள். இந்த ஆண்டின் சிறந்த பத்து நாவல்கள், சாவதற்குள் கேட்டே ஆகவேண்டிய ஐம்பது பாடல்கள், பீரோவில் கட்டாயம் இருக்க வேண்டிய ஏழு புடவைகள். சபாக்களில் கச்சேரி களைகட்டியதும் இந்த சீசனில் யார் பாடியது உச்சம் என்று ஒரு வரிசை வரும். தையை ஒட்டிச் சென்னையில் புத்தகக் காட்சி திறந்துவிடும், அதற்கு ஒரு வரிசை. பத்திரிகையில் அச்சாகிறது, மேடையில் வாசிக்கிறீர்கள், கல்யாணப் பந்தியில் சாம்பாருக்குக் காத்திருக்கும் நேரத்தில்கூட விரல் மடக்கிச் சொல்கிறீர்கள். உங்கள் உற்சாகத்தைக் குறை சொல்லவில்லை. படிக்காத, கேட்காத, பார்க்காத ஊரில் உங்களைப் போன்றவர்கள் இருப்பதே பெரிய காரியம். ஆனால் உங்கள் மேல் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு ஒரு விண்ணப்பமும் வைக்கப்போகிறேன்.

நான் தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் கிளை நூலகர். நீங்கள் போடும் பட்டியல் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்று நீங்கள் பார்ப்பதில்லை. அது என் மேசைக்கு வருகிறது. வாரப் பத்திரிகையிலிருந்து கத்தரித்த தாளாக வரும், சட்டைப் பையில் வியர்த்து நைந்த துண்டுச் சீட்டாக வரும். "மேடம், இதெல்லாம் நம்மகிட்ட இருக்கா?" என்று கேட்பார்கள். இருப்பதை எடுத்துக் கொடுப்பேன். ஆவலோடு வாங்கிப் போவார்கள். தவணை முடிவதற்கு முன்பே புத்தகம் திரும்பி வரும். முப்பதாம் பக்கத்தில் பேருந்துச் சீட்டு செருகியிருக்கும். அதற்கு அப்பால் பக்கங்கள் புதுக்கருக்கு மாறாமல் இருக்கும். அவர் மறுபடி அந்தப் பக்கமே வரமாட்டார். "நமக்கெல்லாம் இலக்கியம் ஓடாது" என்று தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

உங்கள் பட்டியலோடு நான் ஒப்பிட்டுப் பார்க்கும் இன்னொரு ஆவணம் இருக்கிறது. பின்னட்டையின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டு. அதற்கு யாரையும் அசத்த வேண்டிய அவசியம் இல்லை, ஆகவே பொய் சொல்லாது. ரமணிசந்திரன் நாவல்களில் ஒரு சீட்டு நிரம்பி அதன் மேலேயே இன்னொன்றை ஒட்டியிருக்கிறோம். ராஜேஷ்குமார் தையல் விட்டுப்போய் பைண்டிங்குக்குப் போய்த் திரும்பியவர். சுஜாதாவுக்குப் பாதி முன்னட்டைகளே கிடையாது. நீங்கள் முதலிடம் கொடுத்த நாவலின் சீட்டில் நாலைந்து முத்திரைதான் விழுந்திருக்கும், அதிலும் இரண்டு ஒரே ஆள். சுவாரசியம் என்னவென்றால், அந்தப் பட்டியலை மேடையில் வாசித்தவரே மழைக்கால மாலைகளில் வந்து மூன்றாவது அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து துப்பறியும் நாவல்களை அள்ளிக்கொண்டு போவார். அது அவருடைய உரிமை. பெயர் சொல்லமாட்டேன். ஆனால் கீழ்த்தட்டுப் புத்தகம் ஒன்றுகூட அவர் பட்டியலில் ஏறியதில்லை.

என் வழக்கு இதுதான். நீங்கள் மதிப்பதைச் சொல்கிறீர்கள், விரும்புவதை ஒளிக்கிறீர்கள். மதிப்பைச் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது; விருதுக் குழு இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது. உங்களிடமிருந்து எங்களுக்கு வேண்டியது மற்றது. எதைப் படித்து இரவில் விளக்கை அணைக்க மறந்தீர்கள், எந்தப் பாட்டுக்காக வண்டியை ஓரங்கட்டினீர்கள், எந்தத் துணியை நைந்துபோன பிறகும் தூக்கிப்போட மனசு வரவில்லை என்பது உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அதை விட்டுவிட்டு எல்லோரும் அறிந்த பத்துப் பெயரை நீங்களும் ஒப்பித்தால், கேட்கிறவனுக்குப் புதிதாகக் கிடைப்பது என்ன?

அடுத்த குறை, காரணம் சொல்லாதது. 'அற்புதமான நாவல்', 'தவறவிடக் கூடாத இசை' என்று நிறுத்திக்கொள்கிறீர்கள். உள்ளே நுழைய வழி காட்டுவதில்லை. பட்டியலில் பார்த்து நீல. பத்மநாபனின் 'தலைமுறைக'ளை எடுத்துப்போன ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் நூலகத்தில் உண்டு. 1968-இல் வந்த நாவல். இரணியல் பகுதிச் செட்டிமாரின் வீட்டுப் பேச்சு அப்படியே பக்கம் பக்கமாக இறங்கியிருக்கும். சில நாளிலேயே கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இது என்னம்மா பாஷை? ஒண்ணும் ஓட மாட்டேங்கு." நான் பதிவேட்டில் கழிக்காமல் திருப்பிக் கொடுத்தேன். "அண்ணாச்சி, கண்ணால படிக்காதீங்க. ராத்திரி தனியா இருக்கும்போது வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க." கதவைச் சாத்திக்கொண்டு படித்திருக்கிறார். அடுத்த வாரம் வந்தபோது முகமே வேறாக இருந்தது. "எங்க ஆச்சி பேசுத மாதிரில்லா இருக்கு!" அப்புறம் தவணையை இரண்டு முறை நீட்டிக்கொண்டார். அவருக்குக் குறையாக இருந்தது அறிவோ பொறுமையோ இல்லை, அந்தப் புத்தகத்தை நேசித்த ஒருவர் சொல்லியிருக்க வேண்டிய ஒற்றை வாக்கியம். அது உங்கள் பட்டியலில் இல்லை.

இப்படிச் சொல்லத் தெரிந்தவர்கள் நம்மிடம் இல்லாமல் போகவில்லை. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டம் கூடியது உங்களில் பலருக்குத் தெரியும். 1882-இல் பிறந்து 1954-இல் மறைந்த அந்த மனிதர் பெரும் புத்தகங்களை எழுதிக் குவித்தவர் அல்லர். சட்டம் படித்தவர், ஆனால் வாழ்நாளின் பெரும் பங்கைத் தனக்குப் பிடித்த பாட்டை அடுத்தவருக்குப் பிடிக்க வைப்பதில் செலவிட்டார். கம்பனில் ஒரே பாட்டை எடுப்பார். அதைச் சீர் பிரித்துச் சொல்வார், நிறுத்துவார், திரும்பச் சொல்வார். மாலை முழுக்க அந்த ஒரு பாட்டிலேயே போகும். கேட்க வந்தவர்களில் தமிழாசிரியர்களும் உண்டு, வக்கீல்களும் உண்டு, அரசு அதிகாரிகளும் உண்டு. ராஜாஜியும் கல்கியும் அவருடைய ரசனைக்கு ஆட்பட்டவர்கள். பிற்காலத்தில் குற்றாலத்தில் அவர் வீட்டுக்கு வந்தவர்களுக்கு அருவிக் குளியலும் சாப்பாடும் எப்படியோ அப்படித்தான் கவிதையும். தனக்குப் பிடிக்காத கம்பன் பாடல்களை இடைச்செருகல் என்று அவர் கழித்துக் கட்டியதில் எனக்கு உடன்பாடு கிடையாது. ரசனையை வைத்து பாடபேதம் தீர்ப்பது ஆபத்தான வேலை. இருந்தாலும் அதில் ஒரு துணிச்சல் இருந்தது. எதிர்த்துச் சண்டை போடலாம். உங்கள் பட்டியலோடு யார் சண்டை போட முடியும்? பிடித்துக்கொள்ள அதில் எதுவும் இல்லையே.

"பட்டியல் போட்டவர் க.நா.சு.தானே, அவரை என்ன சொல்வீர்கள்?" என்று கேட்பீர்கள். நியாயம். க.நா.சுப்ரமண்யத்தைப் போலப் பட்டியல் போட்டு வசவு வாங்கியவர் தமிழில் வேறு யாரும் இல்லை. ஆனால் 'படித்திருக்கிறீர்களா?' என்ற அவருடைய நூலைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு புத்தகம். அதைத் தான் எப்படிப் படித்தேன், எது நிற்கிறது, எது சறுக்குகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி சொல்வார். அதோடு விடவில்லை. பிடித்த உலக நாவல்களைத் தமிழில் கொண்டுவர உட்கார்ந்து உழைத்தார். செல்மா லாகர்லெவ் 'மதகுரு'வாக வந்தது, நட் ஹாம்சன் 'நிலவள'மாக வந்தது, பேர் லாகர்க்விஸ்ட் 'அன்பு வழி'யாக வந்தது அவர் கையால். அந்தக் காலத்து மொழிபெயர்ப்புக்கு என்ன பெரிய பணம் கிடைத்திருக்கும்? பிடித்ததைச் சொல்வதற்கு இத்தனை விலை கொடுத்தவர் பட்டியலும் போடலாம், நூறு பேரை விட்டும் விடலாம். நாம் அவரிடமிருந்து பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்கிற சின்னக் கிராமத்தில் இரண்டு சிநேகிதர்கள் இருந்தார்கள். கி.ராஜநாராயணன், கு.அழகிரிசாமி. இருவருமே புத்தகத்தையும் சங்கீதத்தையும் பகிர்ந்துகொண்டே வளர்ந்தவர்கள். அழகிரிசாமி சென்னைக்கும் பிறகு மலேயாவுக்கும் பிழைக்கப் போனபோதும் அந்தப் பேச்சு கடிதமாகத் தொடர்ந்தது. அவர் கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் நூலாகவே கிடைக்கின்றன. அழகிரிசாமி அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தைப் பதிப்பித்தார். கி.ரா. நாதஸ்வரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கரிசல் காட்டை மறந்துவிடுவார். ஒருவர் ருசி இன்னொருவருக்குள் ஏறி, இருவரும் இரண்டு விதமாக எழுதினார்கள். இரண்டு பேர் போதும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். நீங்கள் ஊரைக் கூட்டிப் பேச ஆசைப்படுகிறீர்கள். பக்கத்து வீட்டு ஆளிடம் பேசுவதில்லை.

சங்கீதத்துக்கு வருவோம். உங்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு கேசட் பதிவுக் கடை ஞாபகம் இருக்கும். வெள்ளைத் தாளில் பாட்டின் முதல் அடியும் படத்தின் பெயரும் எழுதிக் கொடுக்க வேண்டும். அறுபது நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம், ஆறேழு பாட்டு. தொண்ணூறு வாங்கக் காசு இருந்தால் கொஞ்சம் தாராளம். எழுதி, அடித்து, மறுபடி எழுதி, சோகப் பாட்டுக்குப் பிறகு எதைப் போடுவது என்று யோசித்து, கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோகாமல் கணக்குப் போட்டுக் கொடுப்போம். அக்காவின் கல்யாணத்துக்கு, ஹாஸ்டலுக்குப் போகும் தோழிக்கு, வளைகுடாவுக்கு விமானம் ஏறும் அண்ணனுக்கு என்று தனித்தனியாகத் தயாராகும். அந்தப் பன்னிரண்டு பாட்டும் இன்னாருக்காக இன்னார் தேர்ந்தது. இன்று உங்கள் கையில் லட்சம் பாட்டு இருக்கிறது. இருநூறு பாட்டை ஒரே தட்டலில் அனுப்புகிறீர்கள். வாங்கியவர் முதல் மூன்றைக் கேட்டுவிட்டு நன்றி சொல்லிவிடுகிறார். உங்களுக்கே மீதி நூற்றுத்தொண்ணூற்றேழு ஞாபகம் இருக்கிறதா?

வானொலியில் நேயர் விருப்பம் கேட்டவர்களுக்கும் இது புரியும். அஞ்சலட்டையில் பாட்டையும் பெயரையும் ஊரையும் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். பாட்டு ஒலிக்கும் நேரத்தைவிடப் பெயர் வாசிக்கும் நேரம் அதிகம் என்று எங்கள் வீட்டில் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தப் பெயர்கள்தான் பிடிக்கும். முன்பின் தெரியாத ஓர் ஊரில் யாரோ ஒரு பெண்ணுக்கும் எனக்கும் ஒரே பாட்டு பிடித்திருக்கிறது என்று தெரியவரும் நிமிடம் அது.

நான் மட்டும் பொதுவாகப் பேசித் தப்பித்தால் நியாயமில்லை. 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ்.ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் சேர்ந்து போகும் ஆபேரிப் பாட்டு எல்லோருக்கும் தெரியும். எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசை. அதில் பல்லவியைவிட எனக்கு முடிவுதான் முக்கியம். ஸ்வரங்கள் வேகம் பிடிக்கும்போது குரல் ஒன்றைச் சொல்லும், நாதஸ்வரம் அதைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கும். கண்ணை மூடிக் கேட்டால் எந்த இடத்தில் குரல் விட்டது, எந்த இடத்தில் நாதஸ்வரம் எடுத்தது என்று ஒரு கணம் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்துக்காகவே அதை நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். நூலகத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளிடம் "பழைய பாட்டு கேளுங்கள்" என்று சொன்னால் ஓடிவிடுவார்கள். "கடைசி ஒரு நிமிடம் மட்டும் கேளு, குரல் எப்போ மாறுதுன்னு கண்டுபிடி" என்றால் கேட்கிறார்கள்.

உடுப்பதைப் பற்றிப் பேசுவது அற்பம் என்று நினைப்பவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். நாவலுக்கு ரசனை வேண்டும், புடவைக்குப் பணம் போதும் என்கிற எண்ணம். அதனால்தான் புடவைப் பட்டியலில் பெயரும் விலையும் மட்டும் இருக்கின்றன. மதுரையில் இருந்த என் அத்தை அப்படிச் சொல்லித்தரவில்லை. சுங்குடியை வாங்கியதும் வெயிலில் விரித்துப் பிடிப்பாள். கையால் கட்டிய சுங்குடி என்றால் சௌராஷ்டிரப் பெண்கள் துணியை விரல் நுனியால் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முடிச்சுப் போட்டிருப்பார்கள். அப்புறம்தான் சாயத்தில் முக்குவது. முடிச்சுக்குள் சாயம் போகாது. அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி. அதனால் வட்டம் கொஞ்சம் கோணலாக இருக்கும், ஒன்றைப் போல ஒன்று இருக்காது. புதுத்துணியில் புள்ளி இருக்கும் இடம் லேசாகக் குவிந்து விரலுக்குத் தட்டுப்படும். அச்சடித்த புள்ளி எண்ணி வைத்த மாதிரி நேராக, தட்டையாகக் கிடக்கும். "கண்ணை மூடிட்டுத் தடவிப் பாருடி" என்பாள் அத்தை. இன்றும் கடைக்குப் போனால் என் விரல்தான் முதலில் போகிறது. அச்சடித்ததை வாங்கக் கூடாது என்பதில்லை, நானே தினப்படிக்கு அதைத்தான் கட்டுகிறேன். எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவை வைத்திருப்பவர்கள் அடுத்த முறை முந்தானையைக் காட்டுவதோடு நிறுத்தாமல் உடலும் கரையும் சேரும் இடத்தைத் திருப்பிக் காட்டுங்கள். இரண்டு நிறத்து ஊடையும் நெய்யும்போதே ஒன்றோடொன்று கோத்து வாங்கிப் போயிருக்கும். அதற்குத் தறியில் இரண்டு ஆள் வேண்டும், மூன்று நாடா ஓட வேண்டும். ருக்மிணி தேவி இதையெல்லாம் உற்றுப் பார்த்தவர். 1936-இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கியவர், தன் நடனத்துக்குத் தனக்குப் பிடித்த பழைய கரைகளும் நிறங்களும் வேண்டும் என்று தறி போட்டு நெய்ய வைத்தார். ஒரு பெண்மணியின் ருசி இன்று கலாக்ஷேத்ரா புடவை என்று கடைக்காரர் சொல்கிற அளவுக்குப் பரவிவிட்டது. நீங்களோ எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாலே பேச்சை மாற்றுகிறீர்கள்! அடுத்தவள் அதே புடவையில் வந்துவிடுவாளோ என்ற பயம். வந்தால் வரட்டுமே, நெய்தவர் வீட்டில் இன்னொரு பாவு ஏறும்.

ஆண்களே, இந்தப் பகுதி உங்களுக்கும்தான். கைத்தறி வேட்டியின் கரையைப் பற்றி நாலு வார்த்தை பேசத் தெரிந்த ஆண்பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை.

படங்களைப் பற்றி நீங்கள் பேசுவதே இல்லை. பிடித்த ஓவியம் எது என்று கேட்டால் முழிக்கிறீர்கள், அது ஏதோ சென்னையின் கலைக்கூடங்களுக்கு உரிய பேச்சு என்பதுபோல. படம் பார்க்காமலா வளர்ந்தோம்? கோவில்பட்டியில் இருந்துகொண்டு கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகி ஊர் ஊராகப் போயின. ஆண்டு முடிந்த பிறகும் தேதித்தாளைக் கிழித்துவிட்டுப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டிய வீடுகள் எத்தனை. கல்கியில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது மணியம் வரைந்ததைப் பார்த்துத்தான் வந்தியத்தேவனுக்கு முகமே வந்தது. விகடனில் சில்பி 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரைந்த பக்கங்களைக் கத்தரித்து பைண்டு செய்து வைத்திருந்தார்கள், பல பேர் பூஜை அறையிலேயே. கே.எம்.ஆதிமூலத்தின் கோடுகளைப் புத்தக அட்டையிலும் பத்திரிகையிலும் பார்த்தவர்கள், அது யார் கோடு என்று தெரியாமலே அதை அடையாளம் கண்டுகொள்வார்கள். பார்த்திருக்கிறோம். சொல்லித்தான் பழகவில்லை.

தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் இருக்கிறார். 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்த செப்புத் திருமேனி, மண்ணுக்கடியில் கிடந்து கிடைத்தது. கூந்தலைத் தலைப்பாகை போலச் சுற்றிக் கட்டி, ஒரு காலை மற்றதன் குறுக்கே போட்டுச் சாவகாசமாக நிற்பார். என்னோடு வந்த தோழி, சிற்பம் பற்றி ஒன்றும் தெரியாதவள், "காளை எங்கே?" என்று கேட்டாள். காளை கிடைக்கவில்லை. சாய்வதற்காக வைத்த கை வெறும் காற்றில் சாய்ந்திருக்கிறது. அதற்கு முன்பும் அவரைப் பார்த்திருக்கிறேன், அழகில் மயங்கியிருக்கிறேன், அந்தக் கையை இப்படிப் பார்த்ததில்லை. அவள் கேட்ட பிறகு அந்தக் கைக்குக் கீழே ஒரு காளையைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. பெரிய விளக்கம் எதுவும் அவள் தரவில்லை. தான் கண்டதைச் சொன்னாள்.

இதெல்லாம் இத்தனை அவசரமாக எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். வீட்டுப் பெரியவர் காலமானதும் பிள்ளைகள் புத்தகங்களைச் சாக்கில் கட்டி ஆட்டோவில் ஏற்றி எங்களிடம் கொண்டு வருகிறார்கள். மரியாதையோடுதான் வருகிறார்கள். எல்லாவற்றையும் ஏற்க எங்களுக்கு இடம் கிடையாது. "இதில் அப்பாவுக்கு ரொம்பப் பிடித்தது எது?" என்று கேட்பேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். "எப்பவும் ஏதாவது படிச்சிட்டே இருப்பாரு" என்பதற்கு மேல் யாருக்கும் தெரியாது. சில புத்தகங்களின் ஓரத்தில் பென்சில் கோடு இருக்கும். ஒரு வரிக்குப் பக்கத்தில் இரட்டைக் கோடு, எதற்கு என்று சொல்ல ஆள் இல்லை. நாங்கள் எடுத்தது போக மிச்சம் பழைய பேப்பர் கடைக்குப் போகும், அங்கே எடைதான் கணக்கு. அம்மாக்களின் கதை இதைவிட மோசம். அவர்கள் என்ன படித்தார்கள் என்று யாரும் கவனித்ததே இல்லை, பீரோவில் இருந்த புடவை எந்த ஊர்த் தறி என்றும் தெரியாது. கூடவே இருந்தவர்களுக்கே இந்த நிலை. அவர்கள் காலத்தில் பட்டியல் போடும் பழக்கம் பரவவில்லை என்று சமாதானம் சொல்லலாம். பட்டியலாகப் போட்டுத் தள்ளும் உங்களைப் பற்றி உங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் அதிகமாக என்ன தெரிந்துவிடப் போகிறது?

கேலி செய்வார்களே என்று தயங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ரமணிசந்திரன் பிடிக்கும் என்று வெட்கமில்லாமல் என்னிடம் சொன்ன பெண்ணுக்கு, அதில் என்ன பிடிக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் ஆர்.சூடாமணியின் கதைகளைக் கொடுத்தேன். பெண்ணின் மனசுக்குள் நடப்பதை விடாமல் தொடர்வது பிடிக்கும் என்றாள், அதனால் வழி தெரிந்தது. 'மோகமுள்' நாவல் பிடிக்கும் என்று பொய் சொல்லியிருந்தால் அவளுக்கு நான் என்ன கொடுத்திருக்க முடியும்? உங்கள் உண்மையான ருசி உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயப்படாதீர்கள். கேலி செய்கிறவருடைய தேதிச் சீட்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே என் விண்ணப்பம். இந்த மார்கழியில் பத்து வேண்டாம். ஒன்று சொல்லுங்கள். புத்தகமோ பாட்டோ துணியோ படமோ, ஏதாவது ஒன்று. அதில் எந்த இடம் என்று சொல்லுங்கள்: இந்த அத்தியாயம், இந்தச் சரணத்துக்கு முன்னால் வரும் வயலின், இந்தக் கரை, இந்தக் கை. அதில் உங்களுக்குப் பிடிக்காத இடத்தையும் சொல்லுங்கள், அப்போதுதான் பிடித்ததை நம்புவோம். கூட்டத்தைப் பார்த்துச் சொல்லாமல் ஓர் ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள். புத்தகம் என்றால் உங்கள் பிரதியையே கையில் கொடுங்கள், முதல் பக்கத்தில் யாருக்கு, ஏன் என்று இரண்டு வரி எழுதித் தேதி போடுங்கள். திரும்பி வராது என்று தெரிந்தே கொடுங்கள். கொடுத்த கையோடு அவருக்குப் பிடித்த ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இது மிக முக்கியம். நம்மில் பலருக்குச் சிபாரிசு செய்யத் தெரிகிறது, வாங்கத் தெரியவில்லை. அவர் சொன்னதைப் படிக்காமல் உங்களுடைய அடுத்த சிபாரிசைத் தொடங்காதீர்கள்.

இலக்கிய அமைப்புகளை நடத்துகிறவர்களே, மாதக் கூட்டத்தில் வாழ்த்துரைகளில் இரண்டைக் குறைத்து அந்த நேரத்தை இதற்குக் கொடுங்கள். மேடை வேண்டாம், வட்டமாக நாற்காலி போட்டால் போதும். பத்திரிகை ஆசிரியர்களே, நூறு பேரிடம் பத்துப் பத்தாகப் பெயர் வாங்கிப் பக்கம் நிரப்புவதை நிறுத்திவிட்டு, பத்துப் பேரிடம் ஒவ்வொரு பக்கம் வாங்கிப் போடுங்கள். அவர்களில் பாதிப் பேர் எழுத்தாளர்களாக இல்லாமல் இருக்கட்டும். ஆசிரியர்களே, நூலக நேரத்தில் பிள்ளைகளை அமைதியாக இருக்கச் சொல்லாதீர்கள், பேச விடுங்கள். வீட்டில் எண்பது வயதுக்காரர் இருந்தால் இந்தப் பொங்கல் விடுமுறையில் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இரட்டைக் கோடு எதற்கு என்று கேட்டுவிடுங்கள்.

எங்கள் நூலகத்தில் மார்கழி முதல் தேதியிலிருந்து நீளமான கணக்கு நோட்டு ஒன்றைப் பத்திரிகை மேசையில் வைக்கிறேன். உறுப்பினர் அட்டை கேட்கமாட்டேன். ஒருவருக்கு ஒரு பக்கம், ஒரு பொருள். கீழ்த்தட்டுப் புத்தகங்களுக்கும் இடம் உண்டு. 'அற்புதம்', 'அருமை', 'தவறவிடாதீர்கள்' ஆகிய மூன்று சொற்களுக்கும் அனுமதி இல்லை. தை முடிந்ததும், எழுதியவர்களையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டு, அடுத்தவர் எழுதிய பக்கத்தை ஆளுக்கொன்றாகப் படிக்கச் சொல்லப்போகிறேன். வெளியூர்க்காரர்கள் உங்கள் ஊர் நூலகத்தில் இதே நோட்டை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். நூலகர் மறுத்தால் நோட்டை நீங்களே வாங்கிக் கொடுங்கள், மறுக்கமாட்டார். வரும்போது பேனா கொண்டு வாருங்கள். மேசையில் கட்டி வைத்திருந்ததை யாரோ நூலோடு எடுத்துப் போய்விட்டார்கள்.

அன்புடன்,
ஒரு கிளை நூலகர்